துருக்கிப் பயணத்தில் நெருக்கடி நேர்ந்தால்: எந்தச் சொற்றொடர்களை மனப்பாடம் செய்வது?

தென்றல்நதி:

அனைவருக்கும் வணக்கம். வரும் அக்டோபரில் அப்பாவையும் அம்மாவையும் அழைத்துக்கொண்டு இஸ்தான்புல்லுக்கும், அங்கிருந்து கப்படோசியாவுக்கும் போவதாக இருக்கிறோம். அப்பாவுக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். அம்மாவுக்கு ரத்த அழுத்தத்தோடு பெனிசிலின் ஒவ்வாமையும் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் புழங்கும் இடங்களில் ஆங்கிலத்தைக் கொண்டே சமாளித்துவிடலாம் என்று போய்வந்தவர்கள் சொல்கிறார்கள். நள்ளிரவில் விடுதி அறையிலோ நெடுந்தூரப் பேருந்திலோ ஏதேனும் ஆகிவிட்டால் என்ன செய்வது என்பதுதான் என் கவலை. இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் ‘நெருக்கடி’ என்ற தலைப்பின் கீழ் முப்பது நாற்பது வாக்கியங்களை அடுக்கிவிடுகின்றன. அத்தனையும் மனத்தில் நிற்கப்போவதில்லை. எவை வாயில் வந்தே தீரவேண்டும், எவற்றைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டால் போதும் என்று அங்கே வாழ்ந்தவர்கள் பிரித்துச் சொன்னால் பெரும் உதவியாக இருக்கும்.

இஸ்மீர்வாசி:

வணக்கம் தென்றல்நதி. சொற்களுக்கு முன்பாக ஓர் அவசர உதவி எண்ணை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்: 112. முன்பு காவல்துறைக்கு 155, தீயணைப்புக்கு 110, ஊர்ப்புறங்களைக் காக்கும் ஜாந்தர்மா படைக்கு 156 என்று தனித்தனியே இருந்த எண்கள் இப்போது 112-இன் கீழ் ஒன்றாக்கப்பட்டுவிட்டன. பழைய எண்ணை அழைத்தாலும் அழைப்பு அங்கேதான் போய்ச் சேரும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் பார்த்த பட்டியல்களில் ஒரு பெரிய குறை உண்டு. ‘எனக்கு மூச்சு விட முடியவில்லை’, ‘எனக்கு மயக்கம் வருகிறது’ என்று எல்லாவற்றையும் தன்மையில் கொடுத்திருப்பார்கள். உண்மையில் மூச்சு விட முடியாதவர் வாக்கியம் பேசிக்கொண்டிருக்க மாட்டார். பக்கத்தில் இருப்பவர்தான் பேசவேண்டியிருக்கும். ஆகவே நீங்கள் முதலில் கற்கவேண்டியவை படர்க்கை வடிவங்கள். நல்லவேளையாகத் துருக்கி மொழியில் அவைதான் சுருக்கமானவையும்கூட. ‘நெஃபெஸ் ஆலாமுயோரும்’ என்றால் என்னால் மூச்சு விட முடியவில்லை. கடைசி ‘உம்’மை விட்டுவிட்டு ‘நெஃபெஸ் ஆலாமுயோர்’ என்றால் அவரால் மூச்சு விட முடியவில்லை. அப்பாவைக் குறித்துச் சொல்வதென்றால் முன்னால் ‘பாபாம்’ (என் அப்பா) என்றும், அம்மாவைக் குறித்தென்றால் ‘ஆன்னெம்’ (என் அம்மா) என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘பாபாம் பாயுல்து’ என்றால் அப்பா மயங்கி விழுந்துவிட்டார் என்று பொருள். இதைத் தன்மைக்கு மாற்றி ‘பாயுல்தும்’ என்று நீங்கள் சொன்னால், சாப்பாடு பிரமாதம், சொக்கிப்போனேன் என்ற பொருளும் அதற்கு உண்டு என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக, வாக்கியங்களைத் தனித்தனியாக மனனம் செய்யாமல் சட்டகங்களாகப் பிடித்துக்கொள்ளுங்கள். தமிழருக்கு இது கடினமில்லை. நம்மைப் போலவே அவர்களும் வினையைக் கடைசியில் வைத்து, பெயரின் பின்னால் விகுதியை ஒட்டிப் பேசுகிறவர்கள். ‘வார்’ என்றால் உண்டு, ‘யோக்’ என்றால் இல்லை. ‘யாங்குன் வார்’: தீப்பிடித்திருக்கிறது. ‘யாராலு வார்’: காயம்பட்டவர் இருக்கிறார். ‘ஹுர்ஸுஸ் வார்’: திருடன், திருடன். இதன் பின்னால் ‘மு’ சேர்த்தால் கேள்வியாகிவிடும். ‘இங்கிலிஸ்ஜே பிலென் வார் மு’ என்பது ஆங்கிலம் தெரிந்தவர் உண்டா என்பதேதான். சொல்லுக்குச் சொல் நம் வரிசையிலேயே நிற்கிறது. அடுத்த சட்டகம் ‘சாஉருன்’, அதாவது கூப்பிடுங்கள்: ‘ஆம்புலான்ஸ் சாஉருன்’, ‘போலிஸ் சாஉருன்’, ‘தொக்தோர் சாஉருன்’. மூன்றாவது ‘நெரெதே’, எங்கே என்று கேட்பதற்கு. நான்காவது நம் ‘கு’ உருபைப் போல இறுதியில் வரும் எ அல்லது ஆ: ‘ஹாஸ்தானெயே’ என்றால் மருத்துவமனைக்கு, ‘காராகோலா’ என்றால் காவல் நிலையத்துக்கு. டாக்சியில் ஏறியதும் ‘ஆஜிலெ, லியுத்ஃபென்’ என்று சொன்னால் போதும். அவசரப் பிரிவுக்குப் போங்கள், தயவுசெய்து என்று ஓட்டுநர் புரிந்துகொள்வார்.

உயிர் போகிற அவசரத்தில் கத்துவதற்கு ‘இம்தாத்!’ என்ற ஒற்றைச் சொல் போதும். ஆள் உதவி கேட்பதற்கு ‘யார்தும் எதின்’, அதாவது உதவி செய்யுங்கள். வழி கேட்பதற்கும் பெட்டி தூக்கச் சொல்வதற்கும் ‘இம்தாத்’ என்று சொல்லிவிடாதீர்கள், தெருவே திரண்டுவிடும்.

மென்பொருள்மணி:

இஸ்மீர்வாசி ஐயாவின் விளக்கம் அருமையாக இருக்கிறது. எனினும் ஒன்று கேட்கிறேன்: கைப்பேசியில் மொழிபெயர்ப்புச் செயலி இருக்கும்போது இவ்வளவு உழைப்பு தேவையா? கூகுள் டிரான்ஸ்லேட்டில் தமிழும் உண்டு, துருக்கியும் உண்டு. தமிழில் பேசினால் அது துருக்கியில் பேசிவிடுகிறது. பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மூன்றாவது சட்டகம் நான்காவது சட்டகம் என்று உட்கார்ந்து படிப்பதைவிட, செயலியைச் சோதித்து, இணைய இணைப்பு இல்லாமலும் வேலை செய்யும்படி மொழிக்கோப்புகளைப் பதிவிறக்கி, கூடுதல் மின்கலத்தையும் எடுத்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது என்பது என் கருத்து.

இஸ்மீர்வாசி:

செயலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருந்துப் பெட்டியின் மேல் எழுதியிருப்பதை ஒளிப்படக் கருவி வழியாகப் படிப்பதற்கும், காவல் நிலையத்தில் நடந்ததை நிதானமாக விவரிப்பதற்கும் அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் அப்பா கீழே விழுந்து கிடக்கும்போது உங்கள் ஒரு கை அவர் தலையைத் தாங்கிக்கொண்டிருக்கும். திருட்டு என்றால் செயலி இருந்த கைப்பேசியே போயிருக்கும். முதல் அரை நிமிடத்துக்கு வாயில் பத்துச் சொற்கள் இருக்கவேண்டும். அதன் பிறகு செயலியை எடுக்கலாம்.

புலவர்வீதி:

ஒலிப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் மேலே எழுதியவற்றில் பாதி வீணாகும் என்பதால் குறுக்கிடுகிறேன். துருக்கி மொழியில் புள்ளியில்லாத ‘ஐ’ எழுத்து ஒன்று உண்டு. ஆங்கிலேயர் அதைக் கண்டு திணறுவார்கள். நமக்கோ அது பிறப்பிலேயே வாய்த்த ஒலி. ‘பாட்டு’, ‘காசு’ என்று சொல்லும்போது இறுதியில் உதட்டைக் குவிக்காமல் முடிக்கிறோமே, அந்தக் குற்றியலுகரம்தான் அது. ‘யார்தும்’, ‘யாங்குன்’, ‘பாயுல்து’ ஆகிய சொற்களில் அந்த உகரத்தை உதடு குவியாமல் சொல்லவேண்டும். ‘காய்போல்து’ (தொலைந்துபோனது) என்பதைப் போலச் சில இடங்களில் உதடு குவிந்த உகரமும் வரும். இரண்டையும் மாற்றிச் சொன்னாலும் நெருக்கடி நேரத்தில் ஒருவரும் குறை காணப்போவதில்லை.

தகரத்தைக் குறித்தும் ஒரு சொல். ஆங்கிலப் பழக்கத்தில் ‘டாக்டர்’ என்று நாக்கை மடக்கிவிடுகிறோம். துருக்கியர் நாக்கைப் பல்லில் தொட்டே பேசுவார்கள். ஆகவே ‘தொக்தோர்’ என்று தகரத்தில் சொல்வதே அவர்கள் காதுக்குப் பழகியது. இந்த இழையில் ‘ச’ வருமிடத்தை ‘பச்சை’யில் வரும் ஒலியாகக் கொள்ளுங்கள். ‘கோழி’யின் ககரமா ‘அகம்’ என்பதன் ககரமா என்று நம் எழுத்து காட்டாது என்பதால், தாளில் எழுதிக் கொண்டுபோகிறவர்கள் தமிழில் ஒரு வரியும் அதன் கீழே துருக்கி எழுத்தில் ஒரு வரியும் எழுதிக்கொள்வது நல்லது. வாய் தவறினாலும் விரலால் சுட்டிக்காட்டிவிடலாம்.

தாதி_வன்னி:

நான் ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையில் தாதியாகப் பணிபுரிகிறேன். துருக்கியப் பின்புலம் கொண்ட முதியவர்கள் பலர் எங்கள் நோயாளர் விடுதிக்கு வருவதால் அவர்களிடமிருந்து கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

தென்றல்நதி, உங்கள் தந்தையாரைப் பொறுத்தவரை மிக முக்கியமான வாக்கியம் ‘பாபாம் ஷெகெர் ஹாஸ்தாஸு’, அதாவது என் அப்பா சர்க்கரை நோயாளி. ஷெகெர் என்பதும் நம் சர்க்கரையும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள் என்பதால் மறக்கவே மாட்டீர்கள். குருதியில் சர்க்கரை இறங்கிவிட்டால் நாம் சொல்வதைப் போலவே அவர்களும் ‘ஷெகெரி தியூஷ்தியூ’ (சர்க்கரை விழுந்துவிட்டது) என்கிறார்கள். பேருந்திலோ கடையிலோ இதைச் சொல்லி ‘ஷெகெர்’ என்றோ ‘மெய்வெ ஸுயு’ (பழச்சாறு) என்றோ கேட்டால், கேட்ட மறுகணம் யாராவது எடுத்துத் தருவார்கள். ‘இன்ஸியுலின் குல்லானுயோர்’ என்றால் இன்சுலின் பயன்படுத்துகிறார். துருக்கியில் சர்க்கரை அளவை நம் நாடுகளைப் போல மில்லிகிராம்/டெசிலிட்டர் கணக்கில்தான் பார்க்கிறார்கள். எனவே உங்கள் கருவியில் தெரியும் எண்ணை அப்படியே காட்டலாம், மாற்றிச் சொல்லவேண்டியதில்லை.

அம்மாவுக்கு: ‘ஆன்னெமின் பெனிஸிலினெ ஆலெர்ஜிஸி வார்’. அம்மாவுக்குப் பெனிசிலினுக்கு ஒவ்வாமை உண்டு என்பது இதன் பொருள். இந்த ஒன்றை வாயால் மட்டும் சொல்லி விட்டுவிடாமல் துருக்கி எழுத்தில் எழுதி, கடவுச்சீட்டோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். குருதி அமுக்கத்துக்கு அவர்கள் சொல் ‘தான்ஸியோன்’. ‘தான்ஸியோனு யூக்ஸெக்’ என்றால் அமுக்கம் கூடியிருக்கிறது.

மருந்துகளைப் பட்டியலிடும்போது வணிகப் பெயரை விட்டுவிட்டு மருந்தின் பொதுப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் எழுதுங்கள். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ விற்கும் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. பாரசிட்டமோலை அங்கே ‘பரோல்’ என்ற பெயரில் விற்கிறார்கள்; காய்ச்சலுக்கு மருந்து கேட்டால் மருந்தாளர் ‘பரோல்’ என்று சொல்வதைக் கேட்டுத் திகைக்கவேண்டாம்.

குருதி வகையில் ஒரு சிக்கல் இருக்கிறது. நாம் ‘ஓ’ என்று சொல்லும் வகையை அவர்கள் சுழியம் என்றே எழுதுவார்கள், ‘ஸுஃபுர்’ என்றே சொல்வார்கள். ‘ஓ பாசிட்டிவ்’ என்பதை ‘ஸுஃபுர் போஸிதிஃப்’ என்று சொல்லவேண்டும்.

இறுதியாக, வலி இருக்கும் இடத்தின் பெயரைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். கையை வைத்து ‘புராஸு ஆருயோர்’ (இங்கே வலிக்கிறது) என்றால் உலகில் எந்த மருத்துவருக்கும் அது போதும். நெஞ்சுவலியாக இருந்தால் மட்டும் ‘கால்ப் கிரிஸி’ என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துவிடுங்கள். மாரடைப்பு என்று பொருள்.

அங்காரா_மாணவி:

நான் அங்காராவில் முதுகலை படித்தபோது பழகிக்கொண்ட ஒன்றை இங்கே யாரும் குறிப்பிடவில்லை. வாயால் சரியாகச் சொல்லிவிட்டுத் தலையால் கெடுத்துவிடுகிறோம்.

நாம் ‘ஆமாம்’ என்பதற்குத் தலையை இடமும் வலமுமாக ஆட்டுகிறோம் அல்லவா? துருக்கியில் தலையைப் பக்கவாட்டில் அசைப்பது ‘இல்லை’ என்றோ ‘எனக்குப் புரியவில்லை’ என்றோ கொள்ளப்படும். அவர்களுடைய பழைய ‘இல்லை’யோ வேறு விதம்: தாடையையும் புருவத்தையும் சற்று மேலே தூக்கி, நாக்கால் ‘ச்சு’ என்று ஒலி எழுப்புவார்கள், சிலர் புருவத்தை மட்டும் உயர்த்தி நிறுத்திவிடுவார்கள். கடைக்காரர் அப்படிச் செய்யும்போது அவர் நம்மை ஏளனம் செய்கிறார் என்று என்னுடன் படித்த இந்திய மாணவர் ஒருவர் வெகுநாள் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். அந்த ‘ச்சு’ நாம் சலித்துக்கொள்ளும்போது கொட்டும் ‘ப்ச்’ போலத்தான் கேட்கும், ஆனால் அதில் சலிப்பு ஏதுமில்லை.

அவசரப் பிரிவில் ‘வலி இருக்கிறதா?’, ‘மூச்சு விடுகிறாரா?’ என்று கேட்கும்போது பழக்கதோஷத்தில் நாம் தலையை ஆட்டினால் எதிர்ப்பொருள் போய்ச் சேரும். ஆகவே தலையை அசைக்காமல் ‘எவெத்’ (ஆம்), ‘ஹாயுர்’ (இல்லை) என்று வாயால் மட்டுமே சொல்லும்படி பெற்றோரைப் பழக்கிவிடுங்கள். பெரியவர்கள் வாயால் சொல்லிக்கொண்டே தலையையும் ஆட்டுவார்கள். அதைத் தடுப்பதுதான் பெரும்பாடு.

தனிவழிப்பெண்:

தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்காகச் சிலவற்றைச் சேர்க்கிறேன். கூட்டத்தில் யாரேனும் தகாத முறையில் நெருங்கினால் ‘ஆயுப்!’ என்று உரக்கச் சொல்லுங்கள். வெட்கக்கேடு என்பது இதன் பொருள். பொதுவிடத்தில் ஒரு பெண் இதைச் சொன்னால் சுற்றியிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், அவனுக்கு அதுவே போதும். கையைப் பிடித்தால் ‘புராக் பெனி!’, அதாவது என்னை விடு. தொடாதே என்பதற்குத் ‘தோகுன்மா!’

உதவி கேட்கும்போது யாரோ ஒருவரிடம் பொதுவாகக் கேட்பதைவிட உறவுமுறை சொல்லி அழைத்துக் கேளுங்கள். நம் ஊரைப் போலவே அங்கும் முன்பின் தெரியாத பெண்ணை ‘ஆப்லா’ (அக்கா) என்றும், வயதில் மூத்தவரைத் ‘தெய்ஸெ’ என்றும் அழைக்கலாம். பின்னது தாயின் உடன்பிறந்தவளைக் குறிக்கும் சொல், நம் சித்தி, பெரியம்மாவைப் போல. ஆண்களை ‘ஆபி’ (அண்ணன்), ‘ஆம்ஜா’ (சித்தப்பா, பெரியப்பா) என்பார்கள். ஒருமுறை இரவில் ஒருவன் பின்தொடர்ந்து வந்தபோது, பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்த முக்காடிட்ட அம்மாள் ஒருவரிடம் போய் ‘தெய்ஸெ, யார்தும் எதின்’ என்றேன். அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. என் முழங்கையைப் பிடித்துத் தன் மறுபக்கத்துக்கு இழுத்து நிறுத்திக்கொண்டு அவனைப் பார்த்த பார்வையில் அவன் சாலையைக் கடந்து போய்விட்டான். ஆகவே மொழி தெரியாத ஊரில் உறவுச்சொற்களைத்தான் முதலில் கற்கவேண்டும் என்பேன்.

மென்பொருள்மணி:

இதைச் செயலியால் செய்ய முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். திருட்டுக்கு வருவோம். கடவுச்சீட்டோ பணப்பையோ போய்விட்டால் என்ன சொல்வது, யாரிடம் சொல்வது?

இஸ்மீர்வாசி:

இதில் இரண்டு வினைகளைப் பிரித்தறிவது முக்கியம். ‘பாஸாபோர்தும் சாலுந்து’ என்றால் என் கடவுச்சீட்டு திருடப்பட்டுவிட்டது. ‘பாஸாபோர்துமு காய்பெத்திம்’ என்றால் என் கடவுச்சீட்டைத் தொலைத்துவிட்டேன். காவலர் எழுதும் அறிக்கையில் எது பதிவாகிறதோ அதைக் கொண்டுதான் பின்னால் காப்பீட்டு நிறுவனம் பேசும் என்பதால், நடந்தது எதுவோ அதைத் தெளிவாகச் சொல்லுங்கள். நமக்குத் ‘தொலைந்தான்’, ‘தொலைத்தான்’ என்ற வேறுபாடு இருப்பதைப் போல அவர்களுக்கும் உண்டு: ‘காய்போல்து’ என்றால் தொலைந்துபோனது அல்லது காணாமல்போனார், ‘காய்பெத்திம்’ என்றால் நான் தொலைத்தேன். பிள்ளை காணாமல்போனால் ‘குஸும் காய்போல்து’ (என் மகளைக் காணோம்), ‘ஓலும் காய்போல்து’ (என் மகனைக் காணோம்). நீங்களே வழி தவறிவிட்டால் ‘காய்போல்தும்’.

காவல் நிலையத்தைக் ‘காராகோல்’ என்பார்கள். இஸ்தான்புல்லின் சுல்தானகமத் பகுதியில் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே காவல் அலுவலகம் இருக்கிறது. மற்ற இடங்களைவிட அங்கே ஆங்கிலம் எளிது. எங்கே போனாலும் எழுத்துமூல அறிக்கை வாங்காமல் திரும்பாதீர்கள். அதன் பெயர் ‘துதானாக்’. தூதரகமும் காப்பீட்டு நிறுவனமும் முதலில் கேட்பது அதைத்தான். புரியாத தாளில் கையெழுத்துப் போடச் சொன்னால் ‘தெர்ஜூமான் இஸ்தியோரும்’ (மொழிபெயர்ப்பாளர் வேண்டும்) என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். இந்தியாவுக்கு அங்காராவில் தூதரகமும் இஸ்தான்புல்லில் துணைத்தூதரகமும் உண்டு. இலங்கைக்கு அங்காராவில் தூதரகம் உண்டு. கடவுச்சீட்டு போய்விட்ட இந்தியர் நாடு திரும்புவதற்கு அவசரச் சான்றிதழ் ஒன்றைத் தருவார்கள்.

எந்த நாட்டவர் என்று கேட்டால் ‘ஹிந்திஸ்தான்லுயும்’ என்று முழுதாகச் சொல்லுங்கள். சுருக்கமாக ‘ஹிந்தி’ என்று சொல்லிவிட்டால் அவர்கள் மொழியில் அது வான்கோழி. தமிழ்நாட்டுக்காரர்கள் ‘ஹிந்தி’ என்று சொல்லப்போவதில்லை என்பது ஓர் ஆறுதல்.

அந்நியர்களுக்கென்று 157 என்ற எண்ணும் இருக்கிறது. ஆங்கிலம், அரபி, ருஷ்ய மொழி உள்ளிட்ட சில மொழிகளில் இரவும் பகலும் பேசுவார்கள். நுழைவிசைவு, தங்கும் அனுமதி போன்றவற்றுக்கான எண் அது. உயிர் ஆபத்துக்கு 112-தான்.

நிலக்கோள்:

நிலநடுக்கத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று இவ்வளவு நேரம் காத்திருந்தேன். துருக்கிக்குப் போகிறவர்கள் ‘தெப்ரெம்’ என்ற சொல்லைத் தெரிந்துகொள்ளாமல் போகக்கூடாது. 1999 ஆகஸ்ட் 17 அன்று மர்மரா பகுதியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாக அரசு கணக்கிட்டது. 2023 பிப்ரவரி 6 அன்று அதிகாலை 4:17 மணிக்குத் தென்கிழக்கில் 7.8 அளவிலும், அன்று பிற்பகலில் மீண்டும் 7.5 அளவிலும் நிலம் அதிர்ந்ததில் துருக்கியில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அப்போது இந்தியா தேசியப் பேரிடர் மீட்புப் படையினரையும், இஸ்கெந்தெருனில் இயங்கிய ராணுவக் கள மருத்துவமனையையும் அனுப்பியது. அந்தப் பணிக்கு ‘தோஸ்த்’ என்று பெயரிட்டார்கள். நண்பன் என்ற பொருளில் துருக்கியிலும் வழங்கும் சொல் அது.

இடிபாடுகளின் மேல் நின்று மீட்புப் பணியாளர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: ‘ஸெஸிமி துயான் வார் மு?’ என் குரலைக் கேட்பவர் உண்டா என்பது அதன் பொருள். இஸ்மீர்வாசி சொன்ன ‘பிலென் வார் மு’ என்ற அதே சட்டகம்தான். இதைக் கேட்பதற்காக இயந்திரங்களை நிறுத்தி எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்வார்கள். உள்ளே இருப்பவர் சொல்லவேண்டிய பதில் ‘புராதாயும்’ (இங்கே இருக்கிறேன்). குரல் எழாவிட்டால் கல்லாலோ குழாயிலோ தட்டவேண்டும்.

அதற்கு முந்தைய நிலையில் தேவைப்படும் மூன்று கட்டளைகளைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள்: ‘சோக், காபான், துதுன்’. உட்கார், தலையை மூடிக் குனி, உறுதியானதைப் பற்றிக்கொள். அதிர்வு நிற்கும்வரை ஓடவும் குதிக்கவும் கூடாது. 2025 ஏப்ரல் 23 அன்று இஸ்தான்புல் அருகே மர்மரா கடலில் 6.2 அளவில் நிலம் அதிர்ந்தபோது, பதற்றத்தில் உயரத்திலிருந்து குதித்துக் காயப்பட்டவர்கள் ஏராளம். அதிர்வு நின்ற பிறகு போகவேண்டிய இடத்தைத் ‘தோப்லான்மா ஆலானு’ (கூடுமிடம்) என்று பச்சைப் பலகைகளில் எழுதி வைத்திருப்பார்கள். விடுதியில் நுழையும்போதே அருகில் உள்ளது எது என்று வரவேற்பறையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆர்த்சு’ என்ற சொல் காதில் விழுந்தால் பின்னதிர்வைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கொள்ளுங்கள். கட்டடத்துக்குள் பெட்டியை எடுக்கத் திரும்பிப் போகாதீர்கள்.

தென்றல்நதி:

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. அம்மாவுக்கான வாக்கியத்தைத் துருக்கி எழுத்தில் அச்சிட்டுவிட்டேன். அப்பாவுக்குத் தலையாட்டாமல் இருக்கும் பயிற்சி தொடங்கியிருக்கிறது, முன்னேற்றம் மிகக் குறைவு.

இன்னும் இரண்டு ஐயங்கள். இரவில் மருந்துக்கடை எப்படிக் கண்டுபிடிப்பது? 112-ஐ அழைத்தால் அவர்கள் கேட்கும் கேள்விகள் எனக்கு எப்படிப் புரியும்?

தாதி_வன்னி:

முதல் ஐயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். மருந்துக்கடைக்கு ‘எஜ்ஸானெ’ என்று பெயர். சிவப்பு நிறத்தில் ஒளிரும் ரோமன் ‘ஈ’ எழுத்தே அதன் அடையாளம். மாலைக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பெரும்பாலானவை மூடியிருக்கும். ஆனால் ஒவ்வொரு வட்டாரத்திலும் முறைவைத்து ஒரு கடை இரவெல்லாம் திறந்திருக்கவேண்டும்; அதற்கு ‘நோபெத்சி எஜ்ஸானெ’ என்பார்கள். மூடியிருக்கும் கடையின் கண்ணாடிக் கதவிலேயே அன்றிரவு திறந்திருக்கும் கடையின் பெயரும் முகவரியும் ஒட்டப்பட்டிருக்கும். அதைப் படமெடுத்து டாக்சி ஓட்டுநரிடம் காட்டுங்கள். மருந்தை வாங்கிக்கொண்டு கிளம்பும்போது ‘கெச்மிஷ் ஒல்ஸுன்’ என்று சொல்வார்கள். நோய் கடந்து போகட்டும் என்ற வாழ்த்து அது. கட்டணம் பாக்கி இருப்பதாக எண்ணித் திரும்பி நிற்கவேண்டாம். நன்றி சொல்ல ‘தெஷெக்கியூர்லெர்’ என்பது நீளமாகத் தோன்றினால் ‘ஸாஓல்’ போதும்.

இஸ்மீர்வாசி:

இரண்டாவது ஐயம்தான் பட்டியல் தயாரிப்பவர்கள் எவரும் தொடாதது. நாம் கேட்கத் தெரிந்துகொள்கிறோம், பதில் புரிவதில்லை. அழைப்பை எடுத்ததும் ஆங்கிலத்தில் பேசிப் பாருங்கள். பேசத் தெரிந்தவருக்கு மாற்றிவிடுவதும் உண்டு. அதை நம்பி மட்டும் இருக்கவேண்டாம்.

அவர்கள் கேட்பது பெரும்பாலும் இவைதாம்: ‘நெரெதெஸினிஸ்?’ (எங்கே இருக்கிறீர்கள்?), ‘காச் யாஷுந்தா?’ (வயது என்ன?), ‘நெஃபெஸ் ஆலுயோர் மு?’ (மூச்சு இருக்கிறதா?), ‘பிலிஞ்ஜி ஆசுக் மு?’ (நினைவு இருக்கிறதா?). கடைசி இரண்டுக்கும் ‘எவெத்’ அல்லது ‘ஹாயுர்’ போதும். சிக்கல் முதல் கேள்வியில்தான். அங்கே முகவரி என்பது மகல்லே என்ற வட்டாரப் பெயர், தெருப்பெயர், கதவெண், மாடி என்ற வரிசையில் போகும். கூகுள் வரைபடத்தில் பார்த்து வாசிப்பதற்குள் நேரம் போய்விடும். அதைவிடப் பக்கத்தில் நிற்கும் யாராவது ஒருவரிடம், விடுதிப் பணியாளரோ கடைக்காரரோ வழிப்போக்கரோ, கைப்பேசியை நீட்டி ‘ஆத்ரெஸி ஸொய்லெர் மிஸினிஸ்?’ என்று கேளுங்கள். முகவரியைச் சொல்கிறீர்களா என்பது அதன் பொருள். அந்த மனிதர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார். என்ன நடந்தது என்று அவர் உங்களைக் கேட்கும்போது ‘பாபாம் ஷெகெர் ஹாஸ்தாஸு, பாயுல்து’ என்று சொல்ல உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான் தேவை.

விடுதியில் தங்கும் நாள்களுக்கு அவர்களுடைய முகவரி அட்டையில் மாடி எண்ணையும் அறை எண்ணையும் பேனாவால் எழுதி, பெற்றோர் இருவரின் சட்டைப்பையிலும் கைப்பையிலும் ஒவ்வொன்று போட்டுவிடுங்கள். விடுதி மாறும்போது பழைய அட்டையை எடுத்துவிட மறக்கவேண்டாம்.